மான்கொம்புக்காரிக்கு ஜாமீன்

இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன் எவனும் உருப்பட்டிருக்க மாட்டான். நாலு காலில் ஒன்று குட்டை, அதற்கு எவனோ ஓட்டுச் சில்லை முட்டுக் கொடுத்திருக்கிறான், பக்கத்தில் இருப்பவன் தும்மினால் நான் ஆடுகிறேன். அவனோ தும்முவதற்கென்றே கோர்ட்டுக்கு வந்தவன்போலத் தும்முகிறான். என்ன கேஸோ, ஆடு திருடினானோ அண்ணனை அடித்தானோ, முகத்தைப் பார்த்தால் இரண்டையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் என்றுதான் படுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு நேராக இங்கே வந்தவன் நான். பசி வயிற்றைக் கிள்ளுகிறது. பேராசிரியர் மஸ்தான் கனி, அரசு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், சூஃபி ஞானத்தில் மான் என்ற தலைப்பில் பேச வேண்டுமென்றால் கொழும்பிலிருந்துகூடக் கூப்பிடுவார்கள், அப்படிப்பட்டவன் கையில் இன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் வீட்டு வரி ரசீது, ஆதார் நகல், ரேஷன் கார்டு. காட்டில் கிடந்த மான்கொம்பைத் துண்டு போட்டு விற்ற ஒருத்திக்கு ஜாமீன் கொடுக்க வந்திருக்கிறேன். எதிர்ச் சுவரில் ‘எச்சில் துப்பாதீர்’ என்று எழுதி, அந்த எழுத்தின் மேலேயே வெற்றிலைச் சாறு வழிகிறது. இந்த ஊரில் எழுத்துக்கு இவ்வளவுதான் மரியாதை.

எல்லாம் என் மனைவி ஜொகரா செய்த வேலை. காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், படிக்க ஒன்றுமில்லைதான், ஆனாலும் படித்துக்கொண்டிருந்தேன். பூக்காரி சொல்லிவிட்டுப் போனாளாம், ஜொகரா கையைத் துடைத்தபடியே வந்து நின்றாள். “என்னங்க, அந்தப் புள்ளய ஃபாரஸ்ட்காரங்க பிடிச்சிட்டுப் போயிட்டாங்களாம். தர்கா வாசல்ல மணி விப்பாளே, கொம்பு கொண்டாருவாளே, அவதான். பச்சப் புள்ளக்காரிங்க.” சரி, பாவம்தான் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். “பாவம்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா ஆச்சா? நம்ம மருமகளுக்குப் பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாட்டம் கெடந்தப்ப அவ கொம்பை உரசிப் பத்துப் போட்டுத்தானே எளகுச்சு.” மருமகள் மாத்திரையும் சாப்பிட்டாள் என்பதை ஞாபகப்படுத்தினேன். “ஆமா, உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை சொல்லணும்” என்றாள். பிறகு ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். “வருஷா வருஷம் மானுக்கு ஜாமீன் நின்ன கதைய நீங்க சொல்லி நான் அழுவுறேன். ஒரு மனுஷிக்குப் போயி நில்லுங்களேன்.” முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத்தான் தெரியும் எந்த இடத்தில் குத்தினால் நான் எழுந்து நிற்பேன் என்று. எழுந்து சட்டையை மாற்றினேன்.

அந்தக் கதையை இந்த ஊரில் என்னைப்போல் சொல்ல ஆள் கிடையாது, இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, மற்றவர்கள் அவ்வளவு மோசம். மலையடிவாரத்து மான்பால் அவுலியா தர்காவில் வருஷத் திருவிழாவான கந்தூரிக்கு முந்தின சாயங்காலம் மானின் கதை சொல்ல வேண்டும், அது வழக்கம். பச்சைக் குழந்தையாகக் காட்டில் கிடந்த அவுலியாவுக்கு ஒரு பெண்மான் பால் கொடுத்ததாம், அதனால் அந்தக் கூட்டத்தில் முன்வரிசை எல்லாம் பிள்ளை பெற்றவர்கள். வேடன் விரித்த வலையில் மான் மாட்டிக்கொள்கிறது. குட்டிகள் குகையில் பசியோடு கிடக்கின்றன, பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சுகிறது. வேடன் சிரிக்கிறான். அந்த வழியாக வந்த நபிகள் நாயகம், ‘அது வராவிட்டால் நான் பொறுப்பு’ என்று வேடனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த இடத்தில் நான் நிறுத்துவேன். தண்ணீர் குடிப்பேன். தாகத்துக்கு அல்ல. மடி கனத்து, காம்பில் பால் சொட்டச் சொட்ட அந்த மான் ஓடிற்று என்று மெதுவாகச் சொல்வேன், முன்வரிசையில் முந்தானை வாய்க்குப் போகும். எண்ணெய் மில் ஷேக் ஒலி கண்ணைத் துடைப்பார், அவர் கண்ணைத் துடைத்தால் அவர் கடன்காரர்களும் துடைப்பார்கள். இன்றைக்கு அதே ஷேக் ஒலியைத்தான் முதலில் கூப்பிட்டேன். “பேராசிரியரே, நமக்கு எதுக்கு ஃபாரஸ்ட் வம்பு” என்றார். தர்கா நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி ஃபோனை எடுக்கவே இல்லை. அவர் மகளும் போன மாதம்தான் பெற்றாள், அவள் வீட்டு அலமாரியிலும் ஒரு துண்டுக் கொம்பு துணிக்குள் சுருண்டு கிடக்கும். அத்தனை பேர் அழுதார்களே, ஒருத்தன் வீட்டு வரி ரசீதோடு வந்தானா? அழுகை ரொம்பச் சல்லிசு.

மானைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும். நான் சொன்னது தெரியும். கஸ்தூரி மான் தன் தொப்புளில் இருக்கிற வாசனையைத் தேடி மலையெல்லாம் ஓடுகிறது, நீயும் உனக்குள் இருக்கிற இறைவனைத் தேடி ஊரெல்லாம் ஓடுகிறாய் என்று சொன்னால் மண்டையை ஆட்டுவார்கள், ஆட்டிவிட்டுப் போய் இன்னொரு ஊர் தர்காவுக்கு வேன் பிடிப்பார்கள். வேட்டைக்குப் போன அரசனை மான் திரும்பிப் பார்த்து, இதற்காகவா நீ படைக்கப்பட்டாய் என்று கேட்டது, அவன் கிரீடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆட்டிடையன் கம்பளியைப் போர்த்திக்கொண்டான் என்று சொன்னால், கிரீடம் என்ன ஆச்சு என்று கேட்பவன்தான் இங்கே அதிகம். திருச்சியில் ஒருவன் இருக்கிறான், எனக்குப் போட்டியாம், கொம்பின் கிளைகள் எல்லாம் இறைவனின் பெயர்கள் என்று அடித்துவிடுகிறான். கொம்பு வருஷம் தவறாமல் உதிர்ந்து முளைக்கிறது ஐயா, உன் தத்துவமும் உதிருமா என்று ஒரு கருத்தரங்கில் கேட்டேன், அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பாலைவனத்துக் கூட்டங்கள், புல்வெளிக் கூட்டங்கள், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் மானைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள், ஊர் கட்டி உட்கார்ந்தவனுக்கு மாடு, நடக்கிறவனுக்கு மான், இது என் வரி. நல்ல வரி. கைதட்டு விழும். பக்கத்தில் இருப்பவன் மறுபடியும் தும்மிவிட்டான். நடக்கிறவனுக்கு மான். இவனுக்கு என்ன, சளி.

நடக்கிறவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றுதான் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். தர்கா வாசலில் ஊசிமணி பாசிமணி பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் குடையை ஊன்றி நின்றுகொண்டு கேட்பேன், குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ‘உங்கள் ஆட்களுக்கு மான் என்றால் என்னம்மா?’ என்றேன். “கறி சாமி” என்றாள். அது ஒரு பதிலா? இன்னும் ஆழமாக யோசி என்றேன். “ஆழமா யோசிச்சாலும் கறிதான் சாமி, இப்ப அதுவும் இல்ல, சுட்டா உள்ள போட்டுடுவான், உதுந்த கொம்புதான் பொறுக்குறோம்.” கட்டுரையில் வேறு மாதிரி எழுதினேன், எழுதத்தானே வேண்டும். அடுத்த கந்தூரியில் நான் ஒலிபெருக்கியில் கதை சொல்லி முடித்து இறங்கி வரும்போது வாசலில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திச் சிரிக்கத் தெரியாது அவர்களுக்கு, பல் எல்லாம் தெரிகிறது. “ஏன் சாமி, அந்த மான் நெசமாவே திரும்பி வந்துச்சா?” வந்தது என்றேன். “வலையில விழுந்து தப்பிச்ச மானு திரும்பி வருமா? எங்க அப்பன் பிடிச்ச ஒண்ணும் வந்ததில்ல சாமி.” சுற்றி நின்ற பூக்காரி, சாம்பிராணிக்காரர் எல்லாரும் சிரித்தார்கள். அது வேறு மான் என்று சொன்னேன். வேறு மானாம். நானே சொல்லிவிட்டு நானே வெட்கப்பட்ட ஒரே பதில் அதுதான், இன்றைக்கு வரைக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

திரும்பி வருமா. அதுதான் இப்போது என் கேள்வியும். இதில் இன்னொரு கோணல் இருக்கிறது, இந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கதையில் ஜாமீன் மானுக்கு. இங்கே நான் நிற்பது வலை விரித்தவன் மகளுக்கு. இதை மேடையில் சொன்னால் நன்றாயிருக்கும், சொல்லலாம், ஆனால் வீடு போய்விட்டால் எந்த மேடையில் சொல்லி என்ன. அவள் கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டிருக்கிறது, போலீஸ் வாடை பட்டால் விடிவதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். வாய்தாவுக்கு அவள் வரவில்லை என்றால் கோர்ட்காரன் என்னைக் கூப்பிடுவான், என் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவான், என் அத்தா கட்டின வீடு, ஷேக் ஒலி வாக்கிங் போகும்போது அதைப் படித்துவிட்டு நாலு பேருக்குச் சொல்வார். ஷார்ஜாவிலிருந்து மகன் வாய்ஸ் அனுப்பியிருக்கிறான், “அத்தா, உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை, ஏதாவது சொல்லிட்டு வந்துருங்க.” ஏதாவது சொல்லிவிட்டு வருவதில் பையன் கெட்டிக்காரன், அப்படித்தான் ஷார்ஜாவுக்கே போனான். ஸ்கூட்டர் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. எழுந்து போனால் யாரும் தடுக்கப் போவதில்லை. தும்மல்காரன் கொஞ்சம் வசதியாக உட்காருவான். பிரஷர் மாத்திரை போட வேண்டும் என்று வக்கீலிடம் சொல்லலாம், பொய்யும் இல்லை. ஜொகராவிடம் என்ன சொல்வது? அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தால் வீட்டுக் கதவில் நோட்டீஸே மேல் என்று தோன்றுகிறது. சீ, பயத்தில்கூட எனக்கு ஒரு கம்பீரம் கிடையாது.

வக்கீல் ரத்தினவேல் வருகிறான். இலவசச் சட்ட உதவியில் அமர்த்திய வக்கீல், இலவசம் என்பது கோட்டிலேயே தெரிகிறது, ஒரு பொத்தான் இல்லை. “சார், மூணு மணிக்கு மேல கூப்பிடுவாங்க. ஜாமீன் கெடச்சிருச்சு, ஆனா ஆள் இன்னைக்கே நிக்கணும். இல்லேன்னா நாளைக்கும் நாளன்னைக்கும் லீவு, பொம்பளைங்க ஜெயிலுக்குக் கொண்டு போயிருவாங்க. குறவங்க ஆளுங்க ஒருத்தரும் வரல சார், வந்தா தங்களையும் பிடிப்பாங்கன்னு பயம்.” குறவர் இல்லை என்றேன். “என்ன சார்?” அவர்கள் வாக்ரி, ஊரில் நரிக்குறவர் என்கிறார்களே அவர்கள், குறவர் வேறு, மொழியே வேறு, வடக்கேயிருந்து வந்தவர்கள், படித்தவர்கள் நீங்களே இப்படிக் குழப்பினால் எப்படி என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். தும்மல்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். “சரி சார்” என்றான் வக்கீல், எவ்வளவு பெரிய விஷயத்தைத் தெரிந்துகொண்டோம் என்ற உணர்ச்சியே இல்லாமல். “கொழந்தை கூடாரத்துல மாமியாக்கிட்ட இருக்காம் சார், ரெண்டு மாசம். நேத்து சாயங்காலம் பிடிச்சதுலேர்ந்து பால் இல்ல. இவ ராத்திரி முழுக்க அழுதிருக்கா. நீங்க பெரிய மனுஷன், உங்களைப் பாத்தா மாஜிஸ்திரேட் மேடம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கேக்குறதுக்குப் பதில் சொன்னா போதும்.” கேட்கிறதுக்குப் பதில் சொல்லத் தெரியாதா எனக்கு? கேட்காததற்கே ஒரு மணி நேரம் சொல்கிறவன். முற்றத்தின் அந்தப் பக்கம் அவள் பெண் போலீஸ் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன். ஸ்கூட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். சரி, நிற்பது என்று முடிவு செய்துவிட்டேன், வீடு போனால் போகட்டும், ஒரு தடவையாவது அந்தக் கதைக்குள் நானே போய் நின்றுவிடுகிறேன். அடுத்த கந்தூரியில் எவன் வாய் திறப்பான் பார்க்கலாம்.

பேர் கூப்பிடுகிற டவாலி என்னவோ கூவினான், மூக்கால் கூவுகிறவனை இந்த வேலைக்கு எவன் எடுத்தான், வக்கீல் என் முழங்கையைத் தொட்டு உள்ளே கூட்டிப்போனான். மேலே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் கடைசி வருஷ மாணவிகள் வயசுதான் இருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் காகிதம் புரட்டினாள். கொம்புக்காரி கூண்டில் நிற்கிறாள், முந்தானையை இழுத்து மார்போடு பிடித்துக்கொண்டிருக்கிறாள். என் பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். வீடு சொந்தமா என்றார்கள், ஆமாம் என்றேன். “இவங்களை உங்களுக்கு எப்படித் தெரியும்?” இங்கேதான் எனக்குக் குரல் கனிந்தது. சபை என்று ஒன்று இருந்தால் போதும், என் தொண்டை தானாகத் திறந்துகொள்கிறது. “அம்மா, வாக்ரி மக்களுக்கும் மானுக்கும் உள்ள உறவு நேற்று இன்று வந்ததல்ல. தலைமுறை தலைமுறையாக அவர்கள் மானோடு வாழ்ந்தவர்கள். எங்கள் ஊரில் பால் கட்டிய தாய்மார்களுக்கு இந்தப் பெண் வருஷா வருஷம் கொண்டுவருகிற கொம்புதான்” என்று தொடங்கிவிட்டேன். வக்கீல் இருமினான். நான் நிறுத்தவில்லை, இருமுகிறவர்களுக்காக நான் எந்த மேடையிலும் நிறுத்தியதில்லை. அரசு வக்கீல் எழுந்து, “மேடம், வருஷா வருஷம்னு சொல்றாரு, குறிச்சுக்கலாம். ஜாமீனுக்கு வந்தவரே நம்ம சாட்சி மாதிரி பேசுறாரு” என்றார். யாரோ சிரித்தார்கள். கூண்டைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. “போதும் சார்” என்றாள் மேலே இருந்தவள். “அவங்க இனம் எல்லாம் இருக்கட்டும். இவங்க பேரு என்ன?”

பேர். இவள் பேர். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், திறந்த வாயில் ஒன்றும் இல்லை. வந்ததும் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்திருக்கும், என் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைக் காட்டி வக்கீலைக் கேலி செய்தேன், அதற்குக் கீழே படிக்கவில்லை. டவாலி கூவினது இவள் பேர்தான், நான் அவன் மூக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜொகராவுக்குத் தெரியும். பூக்காரிக்குத் தெரியும். வாசலில் குடையை ஊன்றி நின்று எத்தனை நாள் கேள்வி கேட்டேன், மானைப் பற்றி, வழியைப் பற்றி, கூடாரத்தைப் பற்றி. கட்டுரையில் எப்படி எழுதினேன்? ‘ஒரு வாக்ரிப் பெண்’ என்று எழுதினேன். இப்போது வருகிறதெல்லாம் வேறு பேர்கள், நவ்வி, உழை, இரலை, கலை, மறி, அரபியில் கஸால், பாரசீகத்தில் ஆஹு, மானுக்கு எனக்குத் தெரிந்த பேரெல்லாம் கூப்பிடாமலே வந்து நிற்கின்றன, ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டுப் பார்க்கிறேன், பின்னால் யாரும் இல்லை. “முகம் தெரியும் அம்மா, நன்றாகத் தெரியும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேலே இருந்தவள் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, அலுப்பு. “வாடகைக்கு ஜாமீன் நிக்க வர்றவங்களே பேரை மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க சார். உங்களை நம்பி நான் எப்படி அனுப்புறது?” வக்கீல் கைக்குழந்தை என்று தொடங்கினான். “தெரியுது. அதுக்குத்தான் இன்னைக்கே ஆள் கேட்டேன். திங்கக்கிழமை வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க.” தாளைப் புரட்டிவிட்டாள். டவாலி அடுத்த பேரைக் கூவினான், தும்மல்காரன் எழுந்து வந்தான்.

வராண்டாவுக்கு வந்ததும் வக்கீல் ஓடிப்போய் யாருக்கோ ஃபோன் போட்டான், வேறு யாராவது கிடைப்பார்களா என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். கோர்ட் கலைய இன்னும் நேரம் இருக்கிறது என்று அவன் நினைக்கிறான். எனக்கு இந்த ஊரைத் தெரியும். எவனும் வர மாட்டான். பெண் போலீஸ் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். என்னைத் தாண்டித்தான் வேனுக்குப் போக வேண்டும். முந்தானை நழுவியிருந்தது, ரவிக்கை முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்து வயிறு வரைக்கும் ஈரம் இறங்கியிருந்தது, பால் வாடை அடித்தது. இதை நான் எத்தனை வருஷம் மேடையில் மெதுவாகச் சொன்னேன், தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னேன். ஒரு நாளும் வாடை அடித்ததில்லை. அவள் அழவில்லை, திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது பதில் இருந்திருக்கும். பக்கத்தில் வந்ததும் கேட்டேன், அதற்குமேல் எனக்கு என்ன கேட்கத் தெரியும்.

“உன் பேரு என்னம்மா?”

நின்றாள். நனைந்த முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“இப்ப எதுக்கு சாமி?” என்று கேட்டுவிட்டு வேனில் ஏறினாள்.